நினைவில்லை என்று சொன்னேன்

விமானம் தாங்கிக் கப்பலில் ஒன்பது வருடம் இருந்தேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் எல்லோரும் நான் விமானம் ஓட்டியதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ரொம்ப நாள் நானும் மறுக்கவில்லை. உண்மையில் நான் செய்தது கட்டை வைக்கிற வேலை. விமானம் வந்து நின்றதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தளத்தில் பதித்திருக்கும் இரும்பு வளையங்களோடு சங்கிலி போட்டுப் பிணைக்க வேண்டும். கிளம்பும்போது எல்லாவற்றையும் அவிழ்த்து எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில், ஆடுகிற கப்பலில், எண்ணெயும் கடல்நீரும் சேர்ந்து வழுக்கும் தரையில் அதைச் செய்ய வேண்டும்.

இப்போது என் வலது காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டியிருக்கிறேன். பஸ்ஸிலும் கல்யாண வீடுகளிலும் பார்க்கிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி சொல்லிவிட்டேன். ஒரு தடவை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கப்பலிலிருந்து விமானங்கள் பறக்கத் தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டே தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்போம். கிடக்கிற ஆணி, கம்பித் துண்டு, கல் எதுவானாலும் பொறுக்குவோம். சின்ன திருகாணி ஒன்று எஞ்சினுக்குள் போனாலும் விமானம் விழுந்துவிடும். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் களை எடுக்கிற பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பொறுக்கி முடித்த பிறகு எஞ்சின்கள் உறுமத் தொடங்கும். அதற்கப்புறம் வாய்ப்பேச்சு கிடையாது, கைச்சாடைதான். எஞ்சினுக்கு முன்னால் போனால் ஆளை உள்ளே இழுத்துவிடும். பின்னால் போனால் தூக்கி எறிந்துவிடும். இறங்குகிற விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கம்பி வடம் இருக்கும். அது அறுந்தால் சாட்டை மாதிரி சுழன்று வந்து காலை வெட்டிக்கொண்டு போகும். இதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். முதல் வருடம் பயந்து பயந்து நடப்போம். நான்காவது, ஐந்தாவது வருடத்தில் பயம் விட்டுப்போகும். அதுதான் ஆபத்தான காலம்.

மதியழகன் என் குழுவில் இருந்தான். நாகப்பட்டினம் பக்கத்தில் மீனவக் குடும்பம். சேர்ந்ததிலிருந்து ஒன்பது வருடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தோம். காவிரிக்கரையில் பிறந்தும் எனக்கு ஒழுங்காக நீச்சல் வராது. பயிற்சியில் நான் தோற்றுப்போய்த் திரும்பிப் போகிற நிலை வந்தபோது, பத்து நாள் ஓய்வு நேரத்தில் எல்லாம் தண்ணீரில் இறக்கிச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அவனுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். "நம்ம போட்டு கவுந்தா ஏன்னு கேக்க நாதியில்ல. அந்தக் கப்பல் ஒரு ஊரு மாதிரி இருக்கு, அலைக்கு அசையாது, அதுக்குப் போ" என்று சொல்லித்தான் மகனை அனுப்பினாராம். மதி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

ஆடி மாதம். மேற்குக் கடல் கொந்தளிக்கிற காலம். மதியம் இரண்டு மணி இருக்கும். மழை விட்டிருந்தது, தளம் ஈரமாக இருந்தது. என் தலைக்கவசத்தின் வார் அந்த வாரம் இரண்டாவது தடவையாகப் பிய்ந்திருந்தது. காதுகளை மூடுகிற கிண்ணங்கள் அந்தக் கவசத்தில்தான் இருக்கும். கீழே போய் வேறு வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு விமானம்தானே என்று ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றேன். இறங்கிய விமானம் நிறுத்துமிடத்துக்குத் திரும்பியது. அது திரும்பும்போது வால் எந்தப் பக்கம் வரும் என்பதை நாங்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் முடிச்சு அவிழ்ந்தது. நான் முதுகைக் காட்டிக் குனிந்து, இரண்டு கையாலும் கவசத்தைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து யாரோ என்னைத் தரையோடு அழுத்தித் தள்ளினார்கள். மதி. "படு" என்று அவன் கத்தியிருப்பான், எனக்குக் கேட்கவில்லை. என் கையை இழுத்து ஒரு வளையத்தின் மேல் வைத்தான். அவன் படுப்பதற்குள் எஞ்சின் காற்று வந்துவிட்டது. சூளை வாயைத் திறந்தது மாதிரி ஒரு சூடு. அவன் கால் தரையை விட்டு எழும்பியதைப் பார்த்தேன். என் பிடியும் விட்டுப்போய், சறுக்கிக்கொண்டு போய், விமானங்களை இழுக்கிற வண்டியில் தலை மோதியது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தது கரையில் உள்ள ஆஸ்பத்திரியில். இடது காதை ஒட்டி மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல், இடது தொடை எலும்பு முறிவு. தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். இடது காது போய்விட்டது, வலது காதில் பாதிதான் கேட்டது. காதிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அது மூளையைச் சுற்றியிருக்கிற நீர், விரிசல் வழியாகக் கசிகிறது, தானாக நின்றுவிடும், தும்மக்கூடக் கூடாது என்றார்கள். பத்தாவது நாள் நின்றது.

அதற்கு முன்பே, ஆறாவது நாள், விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதலில் மதியைப் பற்றிச் சொன்னார்கள். ஆள் விழாமல் தளத்தின் ஓரத்தில் கட்டியிருக்கும் வலையையும் தாண்டிக் கடலில் விழுந்திருக்கிறான். இரண்டு நாள் ஹெலிகாப்டர்களும் படகுகளும் தேடின. கிடைக்கவில்லை.

"என்ன நடந்தது, ஞாபகம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார்.

வார் பிய்ந்ததும், முடிச்சும், என் கையை அவன் வளையத்தில் வைத்ததும் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நின்றன.

"எனக்கு ஒன்றும் நினைவில்லை, சார்" என்றேன்.

தலையில் அடிபட்டவன் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பினார்கள். ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். விமானம் மறைத்துக்கொண்டிருந்ததால் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

ஒரு மாதம் கழித்து ஓய்வுக்காக ஊருக்கு அனுப்பினார்கள். என் மனைவி கவிதா வந்து அழைத்துக்கொண்டு போனாள். அண்ணன் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார். கைத்தடியோடு வரப்பு வரைக்கும் போய் வருவேன். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை கடும் குளிர், காய்ச்சல். வெளிச்சம் பட்டாலே கண் கூசியது. கழுத்தைக் குனிய முடியவில்லை. கவிதா பயந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்து, காரில் ஏற்றித் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் கிருமி புகுந்திருந்தது. மண்டையோட்டில் விரிசல் விழுந்து நீர் கசிந்தவர்களுக்கு அந்த வழியாகப் பின்னால் கிருமி போகலாமாம். உறுதிசெய்ய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இறால் மாதிரி சுருண்டுகொள்ளச் சொன்னார்கள். கம்பி வைத்த தொடை மடங்கவில்லை. ஒரு நர்ஸ் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஊசி போவது வலிக்கவில்லை, அழுத்தம்தான் தெரிந்தது. தெளிவாக வர வேண்டிய நீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்ததாம். அந்தக் குப்பியைக் கவிதா பார்த்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

அடுத்த மூன்று நாள் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நான்காம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. டாக்டரம்மா வந்து ஏதோ பேசினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்குகிறார்கள் என்பதால் மெதுவாகப் பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அண்ணன் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் நழுவித் தரையில் விழுந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். என்னைத் தவிர.

மிச்சமிருந்த பாதிச் செவியையும் காய்ச்சல் எடுத்துக்கொண்டிருந்தது.

பரிசோதனைக்கு ஒரு சின்னப் பெட்டி மாதிரி அறையில் உட்காரவைத்தார்கள். காதில் மாட்டியதில் சத்தம் வரும், கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே கவிதா நின்றாள். எனக்குச் சத்தம் கேட்டது, கேட்டது, அழுத்திக்கொண்டே இருந்தேன். முடிந்து வெளியே வந்ததும் பரிசோதனை செய்த பெண் தாளைக் காட்டினார். அவர் சத்தமே வைக்காத நேரத்திலும் நான் அழுத்தியிருக்கிறேன். ஆசைப்பட்டு அழுத்தியிருக்கிறேன்.

கவிதா அன்று மாலை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். அவள் எழுதுவாள், நான் வாயால் பதில் சொல்வேன். டாக்டரம்மா சொன்னதை அதில்தான் எழுதிக் காட்டினாள். காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது, இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அது சில வாரங்களில் எலும்பாக அடைத்துக்கொள்ளும், அதற்குள் சென்னையில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே மின்கம்பி வைத்தால் ஓரளவு கேட்கும். ஓரளவு என்ற வார்த்தைக்கு அடியில் அவள் இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் அதிகம் எதிர்பார்த்துவிடக் கூடாதாம்.

அண்ணனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. நடவை ஆட்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தவர், தினமும் எனக்கு முகச் சவரம் செய்துவிடுவார். பிறகு போனில் எங்கள் வயலில் தண்ணீர் பாய்கிற வீடியோவைக் காட்டுவார். மடை திறந்து, தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே போகும். இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அதற்கு அவரும் பேச வேண்டியதில்லை, நானும் கேட்க வேண்டியதில்லை.

எட்டாவது நாள் மதியின் அப்பா வந்தார்.

வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஒரு துணிப்பை. போட்டோவில் பார்த்திருக்கிறேன். மதிக்கு வயதானால் அப்படித்தான் இருந்திருப்பான். பார்த்ததும் இரண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் ஏதோ கேட்டார். கவிதா எனக்குக் காது கேட்காது என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் காதுகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிப் பேசினார். பேசப் பேச அவள் எழுதினாள். அவர் சொன்ன மாதிரியே எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

"தம்பி, ஒடம்பு முடியாதவன்ட்ட வந்து கேக்கக் கூடாது. மனசு கேக்கல. எம்புள்ள பாக்காம பிளேனுக்குப் பின்னாடி போயிருக்கலாம்னு எழுதி அனுப்பிருக்காங்க. ஊருல அதையே சொல்றாங்க. அவன் நடை பழகுனதே போட்டுலதான். கால் வைக்கிற எடம் பாக்காம வைக்க மாட்டான். நீ பக்கத்துல இருந்தியாமே. நீ பாத்தியா? அத மட்டும் சொல்லு."

கவிதாவுக்கும் நான் எதுவும் சொன்னதில்லை. நினைவில்லை என்று நான் ஏற்கெனவே சொன்னதையே அவரிடம் சொல்வதற்கு வாயெடுத்தாள் என்று நினைக்கிறேன். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"பார்த்தேன்ப்பா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வார் பிய்ந்ததை, நான் மாற்றாமல் விட்டதை, முதுகைக் காட்டி நின்றதை, அவன் ஓடி வந்து என்னைத் தள்ளியதை, என் கையை வளையத்தில் வைத்ததை. "அவன் பார்க்காமல் போகவில்லை. பார்த்துத்தான் வந்தான். பார்க்காமல் நின்றது நான். கேட்டபோது நினைவில்லை என்று பொய் சொன்னேன். என்னால்தான் உங்களுக்கு அப்படி எழுதி அனுப்பினார்கள்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவிதா பதறிப்போய்க் கையால் தணித்துக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. வார்டு முழுக்க எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றார். என் குரல் எனக்கே கேட்காததால், நான் கப்பல் தளத்தில் நின்று கத்துகிற மாதிரி கத்தியிருக்கிறேன். ஒருவரிடம் காதோடு சொல்லியிருக்க வேண்டியதை நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வெளியே போனார். கவிதா பின்னாலேயே போனாள். வராந்தாவில் நின்று அவர் போனில் மனைவியிடம் பேசியதைப் பிறகு எழுதிக் காட்டினாள்.

"கேட்டுக்க. நம்ம புள்ள பாக்காம போயி விழல. ஒருத்தனக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்கான். ஆமா. அந்தப் பையனே சொன்னான். அழுவாத. ஊருல எல்லார்ட்டயும் சொல்லு, போ."

பேசி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கவிதா தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். திரும்ப உள்ளே வரவில்லை. துணிப்பை என் கட்டிலின் கீழேயே இருந்தது. உள்ளே நான்கு ஆரஞ்சுப் பழமும் ஒரு பாக்கெட் ரொட்டியும் இருந்தன.

மறுநாள் காலையில் கவிதா நோட்டில் ஒரு வரி எழுதினாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" அவளே ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் கப்பலுக்கு எழுதினேன். நான்கு பக்கம். இரண்டு தடவை கிழித்துப் போட்டு எழுத வேண்டியிருந்தது.

அந்தக் கடிதத்தால் விசாரணையை மறுபடி திறந்தார்கள். மதியின் கோப்பில் இருந்த வரியை நீக்கி, சக வீரனைக் காப்பாற்றும்போது இறந்தான் என்று எழுதினார்கள். எனக்குக் கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது. அதைவிடக் கடுமையாக எதிர்பார்த்திருந்தேன். உடல் தகுதி இல்லை என்று பிறகு பணியிலிருந்து விடுவித்தார்கள்.

சென்னையில் வலது காதில் அறுவை சிகிச்சை நடந்தது. சுருள் அதற்குள் கொஞ்சம் அடைத்துப்போயிருந்ததால் மின்கம்பி பாதிதான் உள்ளே போனதாம். ஒரு மாதம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். கவிதா என் பேரைச் சொன்னாள். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டிய மாதிரி இருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள், அதுவும் தகரச் சத்தமாகத்தான் கேட்டது. பழகப் பழக வார்த்தைகள் பிடிபட ஆரம்பித்தன. அமைதியான அறையில், எதிரில் உட்கார்ந்து, வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பாதிக்கு மேல் புரியும். தெருவில் ஒன்றும் புரியாது.

அந்த வருடம் அறுவடை முடிந்ததும் நாகப்பட்டினம் போனோம். கடற்கரையை ஒட்டிய தெருவில் அவர்கள் வீடு. மதியின் அப்பா வாசலில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். காற்று கருவிக்குள் இரைந்துகொண்டிருந்தது. புரியவில்லை.

"மறுபடி சொல்லுங்கப்பா" என்றேன்.

சொன்னார். "தம்பி" என்பது மட்டும் கேட்டது. மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கப்பா" என்றேன்.

அவர் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை சத்தமாகச் சொன்னார்.

"நீ நல்லா இரு தம்பி. ஆனா இங்க வராத. அவன் வயசுப் புள்ள வாசல்ல வந்து நின்னா, அவங்கம்மா அவன்தான்னு நெனச்சு எழுந்து வந்துடுறா."

எனக்குக் கேட்டது. உள்ளே இருந்த அவர் மனைவிக்கும் கேட்டிருக்க வேண்டும். அந்த அம்மா வெளியே வந்தார். என் பக்கத்தில் நின்று, காதுக்குப் பின்னால் இருந்த கருவியை விரலால் லேசாகத் தொட்டார். தலையைக் குனிந்துகொண்டே ஏதோ கேட்டார். வாய் தெரியவில்லை, குரலும் சின்னக் குரல். ஒரு தாயிடம் மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. புரியாதபோது எங்களைப் போன்றவர்கள் செய்கிறதையே செய்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஊரைத் தாண்டியதும் கவிதா ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அம்மா என்ன கேட்டாங்கன்னு தெரியுமாங்க?"

"தெரியல."

"என் புள்ளைக்கு வலிச்சிருக்குமாப்பான்னு கேட்டாங்க."

நான் எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேரும் இறங்கினோம். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், நாகப்பட்டினம் போகிற பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம்.